மெடலா, மானியமா, பட்டறையா? இளம் டாக்டர்களுக்காக ஒரு சங்கம் செலவழிக்கும் வழிகள்

எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் வருடம் தவறாமல் வரும் பேச்சு ஒன்று உண்டு. பொருளாளர் மாநாட்டுக் கணக்கை வாசித்து முடித்து, கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றதும் மூத்த டாக்டர் ஒருவர், "இந்தத் தடவை யங்ஸ்டர்ஸுக்கு ஏதாவது பண்ணுவோம்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த ‘ஏதாவது’ என் மேசைக்கு வந்து சேரும். நான் டாக்டர் இல்லை. புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் ஒன்றில் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகப் பணியாளன். படிவம் அடிப்பது, ஹால் பிடிப்பது, போன் போடுவது என் வேலை. அங்கே உட்கார்ந்து பார்த்தால் எந்தத் திட்டம் உயிரோடு இருக்கிறது, எது குரூப் போட்டோவோடு முடிந்துபோகிறது என்பது நன்றாகத் தெரியும்.

ஆறு லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிஜி என்ற மேற்படிப்பின் கடைசி வருடத்தில் இருப்பவர்கள் தொடங்கி, வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆனவர்கள் வரை அதை எப்படிச் செலவழிக்கலாம்? எந்த நாட்டுச் சங்கத்தை எடுத்தாலும் சுற்றிச் சுற்றி ஐந்து வழிதான் கண்ணில் படுகிறது: பரிசு, மானியம், பட்டறை, வழிகாட்டி, கமிட்டி நாற்காலி.

பரிசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறந்த போஸ்டர் (ஆய்வை ஒரே தாளில் காட்டுவது), சிறந்த பேப்பர், பிஜி க்விஸ். செலவு குறைவு, மேடை நிறையும், மெடலில் பேர் போட ஸ்பான்சரும் கிடைப்பார். ஜெயித்தவருக்கு பயோடேட்டாவில் ஒரு வரி சேரும். ஆனால் அந்தப் போஸ்டரில் இருந்த ஆய்வு ஏற்கெனவே முடிந்துபோனது. பெரும்பாலும் தீசிஸின் ஒரு துண்டு. அடுத்த வேலைக்கு அந்த மெடல் ஒரு உதவியும் செய்யாது. நான்கு வருடப் பரிசுப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தவர்களில் எங்கள் அலுவலகத்தோடு இப்போதும் தொடர்பில் இருப்பவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அவர்கள் மேல் தப்பில்லை. மாநாடு முடிந்த பிறகு நாங்களும் யாரையும் கூப்பிடவில்லை.

மானியம்தான் எல்லோருக்கும் ஆசை காட்டும் வழி. அதற்கு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோவைக் காட்டாமல் எந்தக் கூட்டமும் முடியாது. 1964இல் ஏழு டாக்டர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. 1984இலிருந்து இளம் ஆய்வாளர் விருது என்று ஒன்று கொடுக்கிறார்கள். பயிற்சியை முடித்து ஆசிரியப் பணிக்குப் போகிற நேரத்தில் ஒரு வருடத்துக்கு 50,000 டாலர். இன்றைய மதிப்பில் நாற்பது லட்சம் ரூபாய்க்கு மேல். அதற்கு அடுத்த படியாக, ஆசிரியராகச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் இருப்பவர்களுக்கு மூன்று வருடத்தில் 2,00,000 டாலர். இந்த இரண்டு படிக்கட்டு அமைப்பு உண்மையிலேயே அழகானது. முதல் பணம் ஒரு எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க, இரண்டாவது பணம் அதை வைத்துக் காலூன்ற.

நம்மிடம் இருக்கும் ஆறு லட்சத்தில் இதை நகல் எடுத்தால் என்ன ஆகும்? ஆளுக்கு மூன்று லட்சம் என்று இரண்டு பேருக்குக் கொடுக்கலாம். அது பரவாயில்லை, சிறிய ஆய்வுக்குப் போதும். சிக்கல் வேறு இடத்தில். அமெரிக்காவில் அந்தப் பணம் உண்மையில் வாங்குவது நேரத்தை. இத்தனை நேரம் ஆய்வுக்கு என்று ஒதுக்கித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் விண்ணப்பமே நிற்கும். இங்கே காலை எட்டு மணிக்கு ஓபி தொடங்கினால் மத்தியானம் மூன்று வரை தலை நிமிர முடியாத அசிஸ்டென்ட் புரொஃபசருக்கு மூன்று லட்சம் கொடுத்து என்ன செய்ய? நாங்கள் ஒருமுறை சின்ன அளவில் செய்து பார்த்தோம். தனி ஆளின் பேருக்குத் தரக்கூடாது, கல்லூரிக் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். சரி என்று அனுப்பினோம். பணம் போய்ச் சேர்ந்தது, வெளியே வரவில்லை. ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி வருவதற்குள் அந்த டாக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. மீதிக் கதையைச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் பட்டறை. பட்டறை என்றதும் ஒரு நாள் சிஎம்இ என்ற தொடர்கல்விக் கூட்டம், நாலு பவர்பாயின்ட், மத்தியானம் பிரியாணி, போகும்போது கிரெடிட் அவர் சான்றிதழ் என்று நினைக்க வேண்டாம். நான் சொல்வது வேறு வகை. 1996இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வெயில் என்ற மலை ஊரில் ஆஸ்கோவும், ஏஏசிஆர் என்ற புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கமும் சேர்ந்து ஒரு வார முகாமைத் தொடங்கின. வருகிற ஒவ்வொருவரும் ஒரு மருத்துவ ஆய்வுக்கான எண்ணத்தோடு வர வேண்டும். போகும்போது முழுப் புரோட்டோகாலோடு, அதாவது அந்த ஆய்வை எப்படி நடத்துவது என்று எழுதிய திட்டத்தோடு, போக வேண்டும். நடுவில் ஒரு வாரம், சிறு குழுக்களாக உட்கார்ந்து எழுதுவதும் கிழிப்பதும்தான். புள்ளியியல் நிபுணர் பக்கத்திலேயே இருப்பார். ‘இத்தனை நோயாளிகள் போதுமா’ என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைக்கும். 1999இல் ஐரோப்பிய அமைப்புகள் சுவிட்சர்லாந்தின் ஃபிளிம்ஸ் ஊரில் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கின.

இந்தியாவுக்கு இது வந்தது 2015இல். டாடா மெமோரியல் மையமும் தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பும் முன்னின்று நடத்தும் கிரெடோ பட்டறை. ஆறு நாள், அங்கேயே தங்கல். எண்ணத்தோடு வா, புரோட்டோகாலோடு போ என்ற அதே விதி. எனக்கு இந்த வகை பிடித்ததற்குக் காரணம் எளிமையானது. ஏழாம் நாள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதக் கட்டு இருக்கிறது. ஒரு வருடம் கழித்துக் கேட்டால் இன்னும் சுலபம்: எதிக்ஸ் கமிட்டிக்குப் போனதா? சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் வாங்கியாயிற்றா? இந்தியாவில் 2009இலிருந்து நோயாளிகளிடம் சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வுகளுக்கு அந்தப் பதிவு கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். எங்கள் திட்டம் நடந்ததா இல்லையா என்று சொல்ல இதைவிட நேர்மையான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இதில் தப்புச் செய்வதும் சுலபம். ஆறு நாளை மூன்று நாளாகச் சுருக்குவார்கள். அந்த மூன்றில் முதல் நாளைத் தலைவர் உரைக்கும் விளக்கேற்றலுக்கும் கொடுப்பார்கள். இரண்டாம் நாள் ‘பி வேல்யூ என்றால் என்ன’ என்ற புள்ளியியல் அடிப்படை வகுப்பு. அந்த வகுப்பைத் தூக்கி எறியுங்கள் என்பேன். சென்னையில் இருக்கும் ஐசிஎம்ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை மருத்துவ ஆய்வுப் படிப்பு என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கிறது. பிஜி மாணவர்கள் அதை முடித்தே ஆக வேண்டும். அந்தச் சான்றிதழை விண்ணப்பத்தோடு கேட்டுவிட்டால் முடிந்தது. பட்டறை நேரம் முழுவதும் எழுதுவதற்கு மிச்சமாகும்.

ஆறு லட்சத்தில், கல்லூரி விருந்தினர் விடுதி கிடைத்தால் பதினைந்து பேரை ஆறு நாள் தங்கவைத்து நடத்திவிடலாம். ரிசார்ட் பிடித்தால் முடியாது.

வழிகாட்டித் திட்டம் பணம் கேட்பதில்லை, ஆளைக் கேட்கிறது. இங்கேயும் ஆஸ்கோவிடம் பார்க்க ஒன்று இருக்கிறது. 2002இலிருந்து நடக்கும் ஐடியா விருது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளின் இளம் புற்றுநோய் மருத்துவர்களுக்கானது, இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். விருது பெற்றவர் ஆண்டு மாநாட்டுக்குப் போகலாம், ஒரு மூத்தவரோடு சேர்த்துவிடுவார்கள், அவருடைய மருத்துவமனையில் சில நாள் கூடவே இருந்து பார்க்கலாம். அந்தச் சில நாளில்தான் எல்லாமும் இருக்கிறது. வெறுமனே பேரையும் பேரையும் பொருத்தி மின்னஞ்சல் அனுப்பினால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்: முதல் மாதம் "வணக்கம் சார்", இரண்டாம் மாதம் "பிஸியா இருக்கேன், அப்புறம் பேசலாம்மா", மூன்றாம் மாதம் ஒன்றுமில்லை. நம் ஊரில் இன்னொரு தடையும் உண்டு. இளையவர் தானாக போன் செய்து தொந்தரவு செய்யத் தயங்குவார். மூத்தவர் அவன் தேவையென்றால் வருவான் என்று காத்திருப்பார். நடுவில் ஒருவர் தேதி போட்டுக் கொடுத்தாலொழிய இருவரும் கடைசிவரை மரியாதையாகவே இருந்துவிடுவார்கள்.

கடைசி வழி நாற்காலி. ஆஸ்கோ 2009இல் தொடங்கிய தலைமைப் பயிற்சியில் ஒரு வருடம் சிறு குழுவாகச் சேர்ந்து, சங்கத்துக்கு நிஜமாகவே இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்வெழுதி, இயக்குநர் குழுவின் முன் வைக்க வேண்டும். உலக மருத்துவச் சங்கம் 2010இல் இளம் மருத்துவர் வலைப்பின்னலைத் தொடங்கியது. நம் இந்திய மருத்துவச் சங்கமான ஐஎம்ஏவுக்கும் இளம் மருத்துவர் பிரிவு இருக்கிறது. பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. இந்தியச் சங்கங்களில் இது சறுக்குகிற இடம் வேறு. இங்கே தலைவர் பதவி பல சங்கங்களில் ஒரே வருடம். ஐஎம்ஏவிலும் அப்படித்தான், மகப்பேறு மருத்துவர்களின் ஃபாக்சியிலும் அப்படித்தான். புதுத் தலைவர் வந்தால் புதுத் தீம், புது லோகோ, புது வாட்ஸ்அப் குரூப். போன வருடம் கமிட்டியில் உட்கார்ந்த இளைஞர் எழுதிய அறிக்கை எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டு எனக்கே போன் வரும். ஆஸ்கோவின் வர்ஜீனியா அலுவலகத்தில் சம்பளத்துக்கு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவர் மாறினாலும் அவர்களோ அவர்களுடைய பட்டியலோ மாறுவதில்லை.

ஆக, எதை எடுப்பது? நான் பட்டறை பக்கம்தான். அதோடு வழிகாட்டியை ஒட்டிவிட வேண்டும், தனித் திட்டமாக வேண்டாம். ஆறு நாள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு புரோட்டோகாலைக் கிழித்து ஒட்டிய மூத்தவருக்கும் இளையவருக்கும் பேச ஒரு காரணம் இருக்கிறது. தயக்கம் அங்கேயே பாதி கரைந்துவிடும். ஐந்தரை லட்சத்தை முகாமுக்கும், ஐம்பதாயிரத்தை அதற்குப் பிந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும் என்று எங்கள் குழுவிடம் கேட்டேன். ஐம்பதாயிரம் எதற்கு என்று பொருளாளர் கேட்டார். மாதம் ஒருமுறை பதினைந்து பேருக்கும் போன் போட ஒரு பகுதிநேர ஆளுக்கு. "போன் போடறதுக்கா தம்பி காசு?" என்றார். ஆமாம் சார், அதுக்குத்தான்.

யாரைச் சேர்ப்பது என்பதில் ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் என்று ஒரு தரப்பு. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு அரசு டாக்டர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் பிஜி சேர்பவர்கள் ஏராளம். படிப்பை முடிக்கும்போதே அவர்களுக்கு அந்த வயது தாண்டியிருக்கும். குழந்தைப்பேறுக்காக இடைவெளி விட்ட பெண்களுக்கும் அதே கதை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வயதைப் பார்ப்பதில்லை, பயிற்சி முடித்து முதல் ஏழு வருடம் என்று வைத்திருக்கிறது. அதைக் காட்டித்தான் ஜெயித்தோம். நாங்கள் ஐந்து என்று வைத்தோம்.

விண்ணப்பப் படிவம் இப்போது அச்சுக்குத் தயார். இரண்டு பக்க ஆய்வு எண்ணம், என்பிடெல் சான்றிதழ், அப்புறம் நான் கெஞ்சிச் சேர்த்த ஒரு கட்டம்: பட்டறை முடிந்த ஆறு மாதத்துக்கு வாரம் அரை நாள் விடுவிப்பதாகத் துறைத் தலைவரான ஹெச்ஓடியின் கையெழுத்து. அந்தக் கட்டத்தைப் பார்த்தே பாதிப் பேர் விண்ணப்பிக்க மாட்டார்கள் என்கிறார் செயலாளர். இருக்கலாம். பதினைந்து இடத்துக்கு ஏழு பேர் வந்தாலும் ஏழு பேரை வைத்து நடத்தலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.