1,800 வெள்ளிக்கு ஒரு ஜன்னல்: இணையத்தளம் செய்யக் கொடுப்பவர்கள் கவனிக்க

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் பக்கம் தோட்டத்துக் குழுக்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள் என்று பலரும் இப்போது இணையத்தளம் செய்யக் கொடுக்கிறார்கள். எங்களை ஏமாற்றியவரின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே போகும். அவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நாங்கள் தென் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் போய் இப்போது அங்கே தாமான் (குடியிருப்பு) வீடுகள். சிதறிப்போன குடும்பங்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். அப்படிக் கூடியபோது பேசித்தான் தோட்டத்து நினைவுகளைத் தொகுக்க ஆரம்பித்தோம். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை, ரப்பர் பாலை எடை போட்ட இடம், மாரியம்மன் திருவிழா, பள்ளியில் எடுத்த வகுப்புப் படங்கள். எல்லாம் கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பு. அவரவர் வீட்டிலிருந்தே எழுதலாம் என்பதால் அது வசதி. எண்பது தாண்டிய பாட்டிகள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் தட்டினார்கள். மூன்று வருஷத்தில் 112 பக்கம், அறுபதுக்கு மேல் படம்.

இதை இணையத்தளமாகப் போட ஒரு தம்பியைப் பிடித்தோம். தெரிந்தவருக்குத் தெரிந்தவர். பிறையில் ஒரு மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்து பேசினோம். 1,800 வெள்ளி, அதாவது ரிங்கிட், என்றார். பாதியை அங்கேயே கைப்பேசியில் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. தே தாரிக் குடித்துக்கொண்டே பேசிய வேலைக்கு ரசீது கேட்டால் நன்றாகவா இருக்கும் என்ற நினைப்பு.

இரண்டே நாளில் தளம் தயார். மேலே கோயில் படம், கீழே எங்கள் 112 பக்கமும். “அண்ணே, நீங்க எழுதிக்கிட்டே இருங்க. கோப்புல மாத்தினா தளத்துல தானா மாறும். இது நானே செஞ்ச சிஸ்டம்” என்றார். சோதித்துப் பார்த்தோம். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுக் காத்திருந்தால் சில நிமிடத்தில் தளத்திலும் திருந்தியிருந்தது. கைதட்டாத குறைதான். மிச்சப் பணத்தை அன்றே கொடுத்தேன். ஊரெல்லாம் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதும் நான்தான்.

அந்த ‘சிஸ்டம்’ என்னவென்று பிறகுதான் தெரிந்தது. கூகுள் டாக்ஸில் ஃபைல் மெனுவுக்குள் ஷேர், அதற்குள் ‘பப்ளிஷ் டு வெப்’ என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் கோப்புக்கு ஒரு பொது முகவரி கிடைக்கும். மாற்றங்களைத் தானாக வெளியிடு என்று ஒரு கட்டத்தில் குறி இருந்தால் போதும், திருத்தியதெல்லாம் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். யாரும் இலவசமாகச் செய்துகொள்ளலாம். அந்தப் பக்கத்தை நேரடியாகத் திறந்தால் ‘கூகுள் டாக்ஸ் மூலம் வெளியிடப்பட்டது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்’ என்று மேலே ஆங்கிலத்தில் ஒரு பட்டை தெரியும். இன்னொரு தளத்துக்குள் பதிக்க அதே இடத்தில் கிடைக்கும் ஐஃப்ரேம் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் குறிமுறை) துண்டை எடுத்துப் போட்டால் அந்தப் பட்டையும் மறைந்துவிடும். தம்பி செய்தது அவ்வளவுதான். எங்கள் எழுத்து தளத்தில் இல்லவே இல்லை. தளம் ஒரு ஜன்னல், எழுத்து அடுத்த வீட்டில்.

அந்த அடுத்த வீடும் அவருடையது. ஆரம்பத்திலேயே, “ஃபார்மட் சரியில்ல, சுத்தமா ஒரு காப்பி எடுத்திருக்கேன், இனிமே இதுல திருத்துங்க” என்று ஒரு இணைப்பு அனுப்பியிருந்தார். அந்தக் காப்பி அவர் கணக்கில் இருந்தது. கோப்பு யார் கணக்கில் உருவானதோ அவர்தான் அதற்கு முதலாளி. நாங்கள் அவர் நோட்டில் எழுதும் விருந்தாளிகள். நாலு மாதம் அதில்தான் எழுதினோம்.

முதல் அடி பேருந்துப் பட்டியலில் விழுந்தது. ஒன்றுகூடலுக்குப் பேருந்தும் ஹோட்டலும் ஏற்பாடு செய்த எங்கள் ஆள் ஒருவர், 38 பேரின் பெயர், கைப்பேசி எண், ஐசி (அடையாள அட்டை) எண் எல்லாவற்றையும் அதே கோப்பின் கடைசியில் ஒட்டிவைத்தார். தப்பு எங்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் கோப்பை வெளியார் திறக்க முடியாதபடி பூட்டச் சொல்லியிருந்தோம், தம்பியும் பூட்டிக் காட்டினார். பகிர்வைப் பூட்டினாலும் வெளியிட்ட பக்கம் நிற்காது, அதைத் தனியாக நிறுத்த வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கென்றால் 07. மோசடிக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்று வாரம் கழித்து, ஈப்போவிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டு, “ஏன்டா, என் ஐசி நம்பர ஊருக்கே காட்டுறீங்க?” என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

அந்தப் பட்டியலை அழித்த கையோடு தம்பி வருஷ ‘சர்வர் பராமரிப்புக்கு’ 600 வெள்ளி கேட்டார். பேசும்போது அப்படி ஒரு கட்டணமே கிடையாது. பில் கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் கோயில் படம் மட்டும் இருந்தது. கீழே வெள்ளைக் கட்டம், அதற்குள் ஆங்கிலத்தில் ஒரு வரி. கோப்பைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை. தளத்தின் முகவரியான டொமேன் பெயரும் அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது.

எங்கள் பழைய மூலக் கோப்பு இருக்கிறது. போனது அந்த நாலு மாத எழுத்து. அதில் ஒரு பாட்டி சொன்ன ஒன்பது பக்கம் இருந்தது, ஜப்பான்காரன் காலத்தில் லயத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிழைத்த கதை. பாட்டி தீபாவளிக்கு முந்தின வாரம் தவறிவிட்டார்கள். பேத்தியின் கைப்பேசியில் குரல்பதிவு பாதி கிடைத்தது.

உங்கள் தளத்தை இன்றைக்கே கணினியில் திறந்து, எழுத்து இல்லாத இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி ‘வியூ பேஜ் சோர்ஸ்’ போடுங்கள். உங்கள் கட்டுரையின் ஒரு வரியை அதில் தேடுங்கள். வரி கிடைக்காமல் ஐஃப்ரேம், டாக்ஸ் டாட் கூகுள் டாட் காம் என்று வந்தால் நீங்களும் ஜன்னலுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். கைப்பேசியில் ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கம் தனியாக உருண்டால் அதுவும் ஒரு அறிகுறி. எங்களுக்கு முதல் நாளே அப்படி உருண்டது, புது நாகரிகம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஜன்னல் வைப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. அடிக்கடி மாறும் நிகழ்ச்சி நிரலுக்கு அது நல்ல வழி, கோப்பு உங்கள் கணக்கில் இருக்கும் வரை. நிலைத்து நிற்க வேண்டிய எழுத்தைத் தளத்துக்குள்ளேயே ஏற்றச் சொல்லுங்கள். கோப்பை வெப்பேஜாக இறக்கினால் எழுத்தும் படங்களும் ஒரே ஜிப்பில் வந்துவிடும். மாதம் ஒருமுறை அப்படி இறக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள். எங்களுக்கு இப்போது ஒரு மருமகள் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஒவ்வொரு கட்டுரையாக ஏற்றித் தருகிறாள். பழைய எழுத்துருவில் தட்டிய நாலு கட்டுரை யூனிகோடில் வராமல் கிறுக்கலாக நிற்கிறது, அது தனித் தலைவலி.

பணத்துக்கு, நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றார்கள். 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கிறார்கள், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. கொடுத்தது என் சொந்தப் பணம் என்பதால் என் பெயரிலேயே பாரத்தை எடுத்து உட்கார்ந்தேன். வங்கிச் சீட்டு இருக்கிறது, வாட்ஸ்அப் உரையாடல் இருக்கிறது. எதிர்த்தரப்பின் முழுப் பெயர், முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு படமும்தான்.