மிதவையா, சாறா? ஒரு பாசிக் கம்பெனியின் அடுத்த முதலீடு

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபம் பக்கம் காய்ந்த கடல்பாசி வாங்கி விற்கும் தம்பி ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "அண்ணே, கையில இருக்கிறது ஒரே ஒரு தொகை. அதை விதைப்பாசியிலயும் மிதவையிலயும் போடவா, இல்ல சாறு பிழியிற யூனிட் போடவா?" கேட்டது என்னவோ பணக் கணக்குதான். ஆனால் புதுசாக ஏதாவது செய்ய நினைக்கும் எந்தக் கம்பெனிக்கும் இந்தக் குழப்பம் வரும்: தெரிந்த தொழிலுக்குள்ளேயே இன்னும் ஆழமாகத் தோண்டுவதா, வேலி தாண்டிப் போய்த் தேடுவதா?

முதலில் மிதவையை எடுத்துக்கொள்வோம். 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் பாசி, ஆக மொத்தம் 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் அறுவடை. அடியில் பழைய மீன்வலையை விரித்துக் கட்டியிருப்பார்கள். கட்டாவிட்டால் ஓரா மீன் வந்து மேய்ந்துவிட்டுப் போய்விடும். அந்த வலையைத்தான் நான் எல்லோருக்கும் காட்டுவேன். கரையில் கிழிந்து கிடந்த ஒன்று, மூங்கிலோடும் பாசியோடும் சேர்ந்ததும் வேறு பொருளாகிவிட்டது. பொருளாதார அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் 1911-லேயே புதுமை என்பது இருக்கிறவற்றைப் புதிதாகச் சேர்ப்பது என்றுதான் எழுதினார். அவர் மண்டபம் வந்திருந்தால் ஒரு மிதவையைத் தூக்கிக் காட்டியிருக்கலாம்.

இந்த வழியின் சௌகரியம் பெரிது. கயிறு கட்டும் பெண்களுக்கு வேலை கைவந்தது, வாங்குபவர் தெரிந்தவர், தப்பாகப் போனால் 45 நாளில் தெரிந்துவிடும், ஒன்றிரண்டு மிதவையோடு நஷ்டம் நின்றுவிடும். சிக்கலும் அதே இடத்தில்தான். இங்கே வளர்ப்பது கப்பாபைக்கஸ், ஊர் வாயில் 'பெப்சி பாசி'. விதை போட்டு முளைப்பதில்லை. ஒரே பாசியை வெட்டி வெட்டித்தான் நடுகிறார்கள். 2013-க்குப் பிறகு பாசி கூட்டம் கூட்டமாக அழிந்தபோது பலர் மிதவையும் சேர்ந்தே அடிபட்டது. எல்லோர் கையிலும் ஒரே சரக்கு, ஒரே வித்தை. ரீத்தா கட்டிலாவும் கௌதம் அஹுஜாவும் ரோபோ செய்யும் கம்பெனிகளை ஆராய்ந்து 2002-ல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: கையில் இருக்கும் அறிவையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது ஓர் அளவு வரை புதுப் பொருள்களைக் கூட்டுகிறது, அதைத் தாண்டினால் குறைக்கிறது.

சரி, சாறு. பத்து கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ மிஞ்சும். மீதி வெயிலுக்குப் போகிறது. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்தில் ஒரு நிலையம் உண்டு. அந்த நிறுவனத்து விஞ்ஞானிகள் ஈரப்பாசியை அப்படியே பிழிந்து, சாற்றைப் பயிருக்குத் தெளிக்கும் திரவமாக்கி, சக்கையிலிருந்து கராஜீனன் என்ற, உணவைக் கெட்டியாக்கும் பொருளை எடுக்கும் முறைக்கு 2005-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். பிழிவது யாருக்கும் தெரியும், கராஜீனன் தெரியும், தெளிப்பு மருந்தும் தெரியும். மூன்றையும் ஒரே வரிசையில் வைத்ததுதான் புதுசு.

இங்கே ஒரு தப்புக் கணக்கு நடக்கிறது. கப்பாபைக்கஸ் பிலிப்பைன்ஸ் பூர்வீகம். ஜப்பான் வழியாக 1984-ல் குஜராத் கடலுக்கு வந்து, பிறகு மண்டபத்துக்கு வந்தது. எவ்வளவு தூரம் என்று வியக்கிறோம். ஆனால் பாசி எடுத்துப் பழகிய கரைக்கு அது இன்னொரு பாசிதான். சாறு விற்கவேண்டிய முண்டு மிளகாய்க் காடோ கமுதிப் பக்கம், பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் பாசிக்காரருக்கு அந்த உலகம் மணிலாவைவிட எட்டத்தில் இருக்கிறது. எந்தப் பருவத்தில் தெளிப்பது, உரக்கடையில் எத்தனை நாள் கடன், விளைச்சல் ஏறாவிட்டால் யாரைத் திட்டுவார்கள், ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்கு 2021-லிருந்து இந்த மாதிரி உயிரூக்கிகள், அதாவது பயிர் வளர்ச்சியைத் தூண்டும் சரக்குகள், உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. பிழிந்து, பாட்டிலில் அடைத்து, நினைத்தபடி விற்க முடியாது.

காப்புரிமைகளை வைத்து லீ ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் 2001-ல் காட்டிய ஒன்றை இங்கே நினைக்கவேண்டும். பழக்கமில்லாதவற்றைச் சேர்த்தால் சராசரிப் பலன் குறைகிறது, ஆனால் ஏற்ற இறக்கம் கூடுகிறது: பெரும்பாலும் வீண், எப்போதாவது ஒன்று எங்கேயோ போய்விடும். நூறு முயற்சி செய்யும் பெரிய கம்பெனிக்கு அது நல்ல சீட்டாட்டம். ஒரே தொகை வைத்திருப்பவருக்கு?

அதனால் என் ஓட்டு இரண்டுக்கும் நேராக இல்லை. முக்கால் பங்கை விதைப்பாசியில் போடட்டும்; வெயில் தாங்கும் விதையைத் தேடி, ஒரே இடத்து நாற்றை நம்புவதை விடட்டும். மீதிக் கால் பங்கில் எந்திரம் வாங்கவேண்டாம். வேறொருவர் பிழிந்த சாற்றை வாங்கி, மிளகாய்க் காடு தெரிந்த ஓர் ஆளை ஒரு பருவத்துக்கு வேலைக்கு வைக்கட்டும். வெளியறிவை உள்வாங்குவதற்கே உள்ளே கொஞ்சம் அறிவு வேண்டும் என்று கோஹென், லெவிந்தால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-ல் எழுதினார்கள். அந்தக் கொஞ்ச அறிவு எந்திரத்தோடு சேர்ந்து வராது.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்சம் யோசித்தார். "என் மச்சினன் பரமக்குடில உரக்கடைதான வச்சிருக்கான்" என்றார். இவ்வளவு நேரம் அதைச் சொல்லவே இல்லை. ஏன் அவனைக் கேட்கவில்லை என்றேன்.

"அவனுக்குக் கடலைப் பத்தி என்னண்ணே தெரியும்?"