சாப்பாட்டு மேஜைக்கு எந்த நாற்காலி: விஷ்போனா, சீரிஸ் 7-ஆ, ஈம்ஸ் ஷெல்லா?

படத்தைப் பார்த்து மயங்கும் முன் மேஜையை அளந்துவிடுங்கள். மேஜைப் பலகையின் அடிப்பக்கத்துக்கும் இருக்கைக்கும் இடையே 27 முதல் 30 செ.மீ. இருந்தால்தான் தொடை இடிக்காது, தோளும் தூக்காது.

டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949-ல் வடிவமைத்த விஷ்போன்தான் மூன்றிலும் அழகு. முதுகுப்பக்கம் ஒய் வடிவில் திறந்திருப்பதால், ஹாலிலிருந்து பார்க்கும்போது மேஜையை மறைக்காது. ஆனால் அகலம் 55 செ.மீ. மேஜைக் கால்களுக்கு நடுவே 160 செ.மீ. இருந்தாலும் ஒரு பக்கம் இரண்டுதான் போடலாம். கைப்பிடி ஏறத்தாழ 70 செ.மீ. உயரம் என்பதால், மேஜையின் அடிச்சட்டம் தாழ்வாக இருந்தால் முட்டும். இருக்கையில் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு ஓடுகிறது. எண்ணெயோ மஞ்சளோ சிந்தினால் கறை போகாது. கயிறு நடுவில் அறுந்தால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை, முழுவதையும் பிரித்துத்தான் பின்ன வேண்டும். சின்னக் குழந்தைகள் சாப்பிடும் மேஜைக்கு வேண்டவே வேண்டாம்.

தினப்படிப் புழக்கத்துக்கு எங்கள் ஓட்டு இன்னொரு டென்மார்க் வடிவமைப்பாளரான ஆர்னே ஜேக்கப்சனின் சீரிஸ் 7-க்கு (1955). ஒன்பது அடுக்கு வெனீரை (மெல்லிய மரத்தகடு) அழுத்தி வளைத்த ஒரே பலகை, கைப்பிடி இல்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும். விருந்து முடிந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். பலவீனம் இருக்கையும் முதுகும் சேரும் குறுகிய இடுப்பு. பின்னங்கால்களில் சாய்ந்து ஆடுகிறவர்கள் வீட்டில் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். வெனீர் அங்கே முறிந்துவிட்டால் பசை நிற்காது. பழையது வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்கள். பிரிட்டிஷ் மாடல் கிறிஸ்டின் கீலர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்திருக்கும் புகழ்பெற்ற 1963 புகைப்படத்தில் இருப்பது இந்த நாற்காலி என்று பலரும் சொல்வார்கள். அது நகல், முதுகில் கை நுழைக்கும் துளை இருப்பதே அடையாளம்.

அமெரிக்கத் தம்பதி சார்லஸ், ரே ஈம்ஸ் வடிவமைத்த, இருக்கையும் முதுகும் ஒரே ஓடாக வார்த்த ஈம்ஸ் ஷெல் (1950) நிறத்துக்காக வாங்குவது. வெள்ளைச் சுவர் அறையில் கடுகு மஞ்சளில் இரண்டு போட்டாலே போதும், ஆறும் ஆறு நிறத்தில் வேண்டாம். இன்று புதிதாக வருபவற்றில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். பழையவை ஃபைபர் கிளாஸ் (கண்ணாடி இழை கலந்தது). பழையதில் மேல்பூச்சு தேய்ந்தால் இழை வெளிவந்து தோலில் அரிக்கும். பழையதில் இருக்கையும் தாழ்வு, உயரமான மேஜையில் குழந்தைபோல் உட்கார நேரும்.

பழைய ஃபைபர் கிளாஸ் ஷெல்லில் அடிக்கடி கெடுவது அடியில் ஒட்டியிருக்கும் நான்கு ரப்பர் வட்டுகள். காலப்போக்கில் இறுகி, ஆள் உட்காரும்போதே பிய்ந்துகொள்ளும். ஒன்று போனால் நான்கையும் மாற்றுங்கள். பழைய ரப்பரைச் சுரண்டி, முகமூடி போட்டுக்கொண்டு அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். புது வட்டுகளை முதலில் கால்சட்டத்தில் திருகி, பிறகு எபாக்ஸி பசை தடவி ஷெல்லில் பதியுங்கள். தனித்தனியாக ஒட்டினால் துளைகள் நேராக வராது. 24 மணி நேரம் எடை வைத்து விடுங்கள். கால்சட்டம் தனியாக வாங்குவதானால் வட்டுகளின் இடைவெளியை அளந்துகொண்டு போங்கள். அகலம், குறுகல் என இரண்டு வகை உண்டு, ஒன்றின் சட்டம் மற்றதில் பொருந்தாது.