புறநகர்ப் பாம்புகளைப் பதிவு செய்ய ஐநேச்சுரலிஸ்ட்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் ஐநேச்சுரலிஸ்ட் செயலியைப் பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் பயன்படுத்துகிறேன். நகரம் முடிகிற இடத்தில் காலி மனையும் கால்வாயும் பாதி கட்டிய வீடுகளுமாகக் கிடக்கிறதே, அங்கே என்னென்ன பாம்புகள் இன்னும் பிழைத்திருக்கின்றன என்று பதிவு செய்ய. பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் இதைப் பயன்படுத்துகிறவர்களின் அனுபவம் நிறைய இருக்கிறது. பாம்புக்கு, அதுவும் வீடுகளுக்கு நடுவே இருக்கிற பாம்புக்கு, இது எப்படி உதவுகிறது என்று யாரும் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2008ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது, 2023லிருந்து தனி லாப நோக்கற்ற அமைப்பாக நடக்கிறது. படம், தேதி, இடம் மூன்றும் போட்டால் மற்றவர்கள் இனம் சொல்வார்கள். குறைந்தது இரண்டு பேர் சொல்லி, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவு 'ஆய்வுத் தரம்' ஆகும். உரிமம் இடம் கொடுத்தால் அங்கிருந்து ஜிபிஐஎஃப் என்கிற உலகத் தரவுத்தளத்துக்கும் போய்விடும், ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துவது அங்கிருந்துதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் செயலியின் உண்மையான பலம் படமெடுத்து நிற்கிற நாகத்தின் அழகான புகைப்படத்தில் இல்லை. சாலையில் நசுங்கிக் கிடக்கிற நீர்க்கோலியிலும், சுவரோரம் கிடக்கிற பாம்புச் சட்டையிலும், யாரும் திரும்பிப் பார்க்காத சாரையிலும்தான் இருக்கிறது. உயிருள்ள பாம்பு நமக்காகக் காத்திருக்காது. சட்டை காத்திருக்கும். பதிவில் 'உயிருடன் அல்லது இறந்தது' என்றும், 'உரித்த தோல்' என்றும் குறிக்கத் தனி இடமே வைத்திருக்கிறார்கள், ஆனால் அதை நிரப்புகிறவர்கள் குறைவு. நிரப்பினால் பிற்பாடு அதை மட்டும் பிரித்தெடுத்து எந்தச் சாலையில் எந்த மாதம் அதிகம் அடிபடுகின்றன என்று பார்க்கலாம்.

சட்டை விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். முழுதாகக் கிடைத்த சட்டையில் கண்ணை மூடியிருந்த செதில்கூடக் கண்ணாடிச் சில்லு போல அப்படியே இருக்கும், பாம்புக்கு இமை கிடையாது என்பதால் அதுவும் சேர்ந்தே உரியும். நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம், உரியும்போது இழுபட்டுப் பாம்பைவிட நீண்டுவிடும். இனம் சொல்ல முக்கியமான இடங்கள் இரண்டு: முதுகின் நடுவரிசை, வாலின் அடிப்பக்கம். கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவில் ஓடுகிற செதில் வரிசை மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். வாலடியில் செதில்கள் பிளவில்லாமல் ஒற்றையாக இருக்கும். அதோடு எப்போதும் குழப்பிக்கொள்ளப்படுகிற, விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கு நடுவரிசை மற்றதைப் போலவே இருக்கும், வாலடிச் செதில்கள் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். நிறமெல்லாம் போன சட்டையை வைத்தே இதைச் சொல்லிவிட முடியும். சட்டையின் மொத்த உருவத்தைத் தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டு 'என்ன பாம்பு?' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனாவோ வைத்து இந்த இரண்டு இடங்களையும் கிட்டத்தில் எடுங்கள்.

இறந்த பாம்புக்கும் இதேதான், கூடவே தலையைப் பக்கவாட்டில் ஒரு படம். நாகத்தின் கீழுதட்டில் நான்காவது ஐந்தாவது செதில்களுக்கு நடுவே சின்ன முக்கோணச் செதில் ஒன்று செருகியிருக்கும், படம் விரிக்காமலே சாரையிலிருந்து பிரித்துச் சொல்லிவிட அது போதும். ஆனால் கையால் தொடாதீர்கள். செத்த பாம்பின் தலை, வெட்டுண்ட தலைகூட, அனிச்சையாகக் கடிக்கும், விஷமும் இறங்கும். நீளமான குச்சியால் புரட்டுங்கள், வண்டி வருகிற சாலை என்றால் அதுவும் வேண்டாம்.

அப்புறம் தானாக இனம் ஊகித்துச் சொல்கிற வசதி. வரிவரியான கருப்புப் பாம்பு இருட்டில், ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படமாக வந்தால் அது கட்டுவிரியனா வெள்ளிக்கோல் வரையனா என்று எந்த மென்பொருளுக்கும் குழப்பம் வரத்தான் செய்யும். விஷமுள்ள கண்ணாடி விரியனும் விஷமில்லாத மண்ணுளிப் பாம்பும் அடுத்த ஜோடி, மனிதர்களே மண்ணுளி என்று நினைத்து விரியனைப் பிடித்துப் பார்த்துக் கடிபடுகிறார்கள். ஊகத்தை ஒரு தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், பாதுகாப்பு முடிவு எதையும் அதை நம்பி எடுக்கக் கூடாது. யாரையாவது கடித்துவிட்டால் இனம் கண்டுபிடிக்கிற வேலையே வேண்டாம், நேராக மருத்துவமனை. உலகில் வருடத்துக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே தாமதம்தான் பெரிய எதிரி.

இடம் குறிப்பதுதான் எனக்கு இன்றுவரை இழுபறியான விஷயம். வீட்டுக்குள் பாம்பு வந்த பதிவை வெளிப்படையாகப் போட்டால் அந்த வீட்டு முகவரியே தெரிந்துவிடும். 'மறைத்துக் காட்டு' என்று வைத்தால் 0.2 டிகிரிக்கு 0.2 டிகிரி கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாக மாறிவிடும். நிலநடுக்கோட்டுப் பக்கம் அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம், ஒரு நகரமும் அதன் புறநகரும் மொத்தமாக அதற்குள் அடங்கிவிடும். தேதியும் மற்றவர்களுக்கு மாதம், வருடம் மட்டும்தான் தெரியும். எந்தக் கால்வாய் ஓரம் என்பதுதான் புறநகர்ப் பதிவின் உயிரே, அது போய்விட்டால் என்ன மிச்சம்? நான் இப்போது செய்வது: பொது இடம் என்றால் திறந்தே வைப்பேன், வீடு என்றால் மறைத்துவிட்டு, செயலிக்குள் பலருடைய பதிவுகளைத் திரட்டுகிற, நம்பிக்கையான திட்டக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு மட்டும் சரியான இடம் தெரியும்படி அனுமதி கொடுப்பேன். எல்லா நேரமும் திருப்தியாக இல்லை, ஆனால் இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

அக்கம்பக்கத்தார் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்களில் எடுத்த தேதியும் இடமும் கழன்றுவிடும். 'டாக்குமெண்டாக அனுப்புங்கள்' என்று கேட்டு வாங்கினால் தகவல் அப்படியே இருக்கும். அதைவிட நல்லது, அவர்களையே ஒரு கணக்குத் தொடங்கிப் போடச் சொல்வது. படமும் அவர்களுடையது, பார்த்ததும் அவர்கள்தான்.

மீட்கப்பட்ட பாம்புகளின் பதிவுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. மீட்கிறவர்கள் பிடித்த இடத்தைப் போடாமல், பாம்பைக் கொண்டுபோய் விட்ட இடத்தைப் போடுகிறார்கள், படம் அங்கேதான் நன்றாக வருகிறது என்பதால். வரைபடத்தில் ஏதோ ஒரு ஏரிக்கரையில் நாகங்கள் குவிந்திருப்பது போலத் தெரியும், அவை அத்தனையும் வெவ்வேறு தெருக்களிலிருந்து வந்தவை. தூரமாகக் கொண்டுபோய் விடுவதே நல்லதா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் சலங்கைப் பாம்புகளில் (ராட்டில்ஸ்னேக்) ரேடியோ கருவி பொருத்திச் செய்து 1999ல் வெளியான ஆய்வில், இடம் மாற்றி விடப்பட்டவை அதிகம் அலைந்தன, அதிகம் செத்தன. தயவுசெய்து பிடித்த இடத்தைப் போடுங்கள், விட்டது எங்கே என்பதைக் குறிப்பில் எழுதுங்கள்.

இன்னொன்று, வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தில் பாம்பு இல்லை என்று அர்த்தமில்லை. அந்தப் பக்கம் யாரும் நடக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இதற்காகவே நான் ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப நடக்கிறேன், சாரையை எத்தனை தடவை பார்த்தாலும் அத்தனை தடவையும் பதிகிறேன். எதுவும் தென்படாத நாளை ஐநேச்சுரலிஸ்ட்டில் பதிய வழியில்லை, அதற்குத் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், மழையா வெயிலா. கால்வாய்க்கு கான்கிரீட் போட்டபிறகு நீர்க்கோலி குறைந்ததா என்ற கேள்விக்கு அந்த நோட்டு இல்லாமல் செயலி மட்டும் பதில் சொல்லாது.

தொடங்க நினைக்கிறவர்கள் புழுப்பாம்பிலிருந்து தொடங்கலாம். பூந்தொட்டியைத் தூக்கினால் மண்புழு மாதிரி நெளியும், விஷமில்லை, பார்த்தவரை எல்லாமே பெண்தான், ஆண் இல்லாமலே இனம் பெருக்கும், செடித் தொட்டி மண்ணோடு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. படம் எடுத்துவிட்டுத் தொட்டியை மெதுவாக வைக்கவும், அடியில் இன்னொன்றும் இருக்கலாம்.