பிரெட்றிக் கோட்டை மாலை நடை: வரலாறு நன்று, பேய்க்கதை சுமார்

திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டையின் பழைய கட்டடங்களையும் அவற்றைப் பற்றி வழங்கும் பேய்க்கதைகளையும் காட்டுவதற்காக உள்ளூர் இளைஞர்கள் நடத்தும் மாலை நடையில், வெளியூரிலிருந்து வந்த உறவினருடன் கலந்துகொண்டேன். கொடுத்த பணத்துக்கு முதற்பகுதி மட்டுமே போதும். கோட்டை வாசற் கல்லிலுள்ள இணைக்கயல்களையும் குளக்கோட்டன் என்னும் பழைய மன்னனைப் பற்றிய சிதைந்த கல்வெட்டையும் எழுத்தெழுத்தாகச் சுட்டிக் காட்டிய வழிகாட்டி, 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பியதை நிதானமாக விளக்கினார். அவ்வாசலால் நாள்தோறும் இன்றுள்ள கோவிலுக்குப் போகிறவர்களே நின்று பார்க்காத கல் அது.

வெலிங்டன் மாளிகையின் முன்னே கதை தடம் மாறியது. பின்னாளில் வெலிங்டன் கோமகனான பிரித்தானியத் தளபதி ஆதர் வெல்லெஸ்லி இங்கே இரவில் பிரீமேசன் என்னும் மறைவான சகோதரத்துவ அமைப்பின் லொட்ஜ், அதாவது கிளைக் கூட்டம், கூட்டினார் என்றும், சடங்குக்காக வெண்தோல் ஏப்ரன் கட்டிய அந்தச் சகோதரர்களின் காலடியோசை இன்றும் விறாந்தையில் கேட்கும் என்றும் வழிகாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னார். வெல்லெஸ்லி 1800ஆம் ஆண்டின் இறுதியில் திருகோணமலைக்கு வந்தது உண்மை. ஆனால், தந்தையும் தமையனும் தலைமை வகித்திருந்த அயர்லாந்தின் ட்ரிம் நகர லொட்ஜில் 1790 டிசெம்பர் 7இல் சேர்ந்த அவர், 1795இலேயே அதிலிருந்து விலகிவிட்டார். 1851இல் விசாரித்தவருக்கு, சேர்ந்ததாகவே தமக்கு நினைவில்லை என்று பதில் அனுப்பினார். அப்படிப்பட்டவர் தலையில் லொட்ஜ் பேய்களைக் கட்டுவது கொஞ்சம் அநியாயம். அன்று எங்களுக்குக் கேட்ட காலடியோசையும் சருகை மிதித்தபடி வாழைப்பழத்துக்காக வந்த புள்ளிமானுடையதுதான்.

கோவில் நிற்கும் சுவாமி மலையில், 1687இல் காதலனின் கப்பல் புறப்படக் கண்டு கடலில் குதித்தாள் எனப்படும் ஒல்லாந்தப் பெண் பிரான்சினா வான் றீட்டின் ஆவிக்கதையையும் சொன்னார்கள். அவள் அதன் பின்னரும் உயிரோடிருந்தாள் என்பதே ஆவணங்கள் தரும் செய்தி. நான் அதைச் சொன்னதும் வழிகாட்டி சிரித்துச் சமாளித்தார். அந்தச் செய்தியையும் சேர்த்துச் சொன்னால் கதை கெடாது, சுவைதான் கூடும்.

கோட்டைக்குள் இராணுவம் தங்கியிருப்பதால் மாளிகையை வெளியில் நின்றே பார்த்தோம். கோவில்வரை ஏற்றம் என்பதால் வயதானவர்களை அழைத்துச் செல்வோர் முச்சக்கர வண்டி பிடிப்பது நல்லது. மாலைப் பூசைக்கு நிற்க விரும்பினால், புறப்படும்போதே வழிகாட்டியிடம் சொல்லி வைக்க வேண்டும்.