வேகன்-ஆரா, சான்ட்ரோவா, ஐ10-ஆ? வீட்டு முற்றத்திலேயே வேலை பார்க்க ஏற்ற பழைய கார்

குமரி மாவட்டத்தில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் தகரத்தை, அதாவது வண்டியின் பாடித் தகட்டைப் பார்க்க வேண்டும். எஞ்சினைப் பிறகு பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. நீரோடியில் தொடங்கி கன்னியாகுமரி தாண்டியும் கரையோரம் முழுக்க உப்புக்காற்று. எஞ்சினில் வரும் சில்லறைக் கோளாறுகளை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்த வண்டியை முற்றத்தில் நிறுத்தி வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வெல்டிங், டிங்கரிங், பெயின்டிங் என்று பட்டறைக்கு விட்டால் வாங்கிய விலையில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

அதனால் இந்த ஒப்பீட்டில் மைலேஜையும் சீட் துணியையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வண்டியை நாமே திறந்து மூடலாம், ஸ்பேர் எதற்கு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ அன்றைக்கே கிடைக்கும், ஐந்து பேர் உள்ள குடும்பம் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர எது தாங்கும் என்பதுதான் அளவுகோல்.

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே ஆர்.சி.யின் (பதிவுச் சான்றிதழ்) போட்டோவை வாங்கி அதில் சி.சி., அதாவது எஞ்சின் கொள்ளளவு, எவ்வளவு என்று பாருங்கள். அந்த ஒரு எண் பாதிக் கதையைச் சொல்லிவிடும். வேகன்-ஆரில் 1061 என்றால் பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின், டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைப்பது). 998 என்றால் கே10 எஞ்சின், அதே வேலைக்கு இரும்புச் சங்கிலியான டைமிங் செயின். ஐ10-இல் 1086 என்றால் பெல்ட், 1197 என்றால் செயின். சான்ட்ரோ ஜிங் எல்லாமே 1086, அதாவது பெல்ட்தான். பெல்ட் உள்ள வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெல்ட் ரப்பர் சாமான். அதற்கு ஒரு ஆயுள் உண்டு. ஓட்டத்தில் அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும், வால்வு வரைக்கும் வேலை இழுக்கலாம். முன்னவர் பெல்ட் மாற்றியதற்குப் பில் காட்டாவிட்டால், வாங்கிய வாரமே பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

என் தேர்வு 2010 முதல் 2018 வரை வந்த 998 சி.சி. வேகன்-ஆர். மூன்று சிலிண்டர், ஆகவே மூன்று பிளக். ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே அதற்கு மின்சாரம் தரும் தனித்தனிக் காயில். பத்து எம்.எம். ஸ்பேனரால் ஒரு போல்ட்டைக் கழற்றினால் காயில் கையோடு வந்துவிடும். எஞ்சின் தடுமாறுகிறதா? முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாட்டிப் பாருங்கள். தடுமாற்றமும் கூடவே இடம் மாறினால் காயில்தான் கோளாறு. மாறாமல் அங்கேயே நின்றால் பிளக்கையும் பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். இதற்கு அந்த ஸ்பேனரைத் தவிர வேறு கருவி வேண்டாம். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார் என்றால் ஓ.பி.டி. சாக்கெட்டில் (எஞ்சின் கோளாறைப் படிக்கும் துளை) ஒரு சிறிய ப்ளூடூத் கருவியைச் செருகி, எந்த சிலிண்டர் என்பதைப் போனிலேயே படித்துவிடலாம். ஆயில் ஏறத்தாழ மூன்று லிட்டர் போதும். கூரை உயரம் என்பதால் முட்டுவலி உள்ள அம்மா குனியாமல் ஏறி உட்காரலாம். குடும்ப வண்டிக்கு இது சின்ன விஷயமே இல்லை.

குறைகளும் உண்டு. மூன்று சிலிண்டர் வண்டி ஐடிலில் (நின்றபடி எஞ்சின் ஓடும்போது) கொஞ்சம் அதிரத்தான் செய்யும். அந்த அதிர்வு ஸ்டியரிங் முழுக்கப் பரவினால் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் போயிருக்கிறது என்று கணக்குப் போட்டு விலை பேசலாம். குண்டும் குழியுமான சாலையில் ஓடிய வண்டிகளில் முன்பக்கம் டொக் டொக் என்று கேட்கும். பெரும்பாலும் சஸ்பென்ஷனில் உள்ள ஸ்ட்ரட் மவுண்டாகவோ புஷ்ஷாகவோ இருக்கும். நம் ஊருக்கே உரிய இன்னொரு குறை, காற்று. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் திருநெல்வேலிக்குப் போகும்போது இந்த உயரமான, எடை குறைந்த வண்டி பக்கவாட்டில் தள்ளப்படுவதை ஸ்டியரிங்கிலேயே உணரலாம். அந்த வழியில் தினமும் போகிறவர் என்றால் ஐ10-ஐப் பாருங்கள்.

சான்ட்ரோ ஜிங் 2003-இல் வந்து 2014-இல் நின்றது. மூன்றிலும் விலை குறைவாகப் படிவது இதுதான். நான்கு சிலிண்டர் என்பதால் ஓட்டம் அதிர்வில்லாமல், சத்தமில்லாமல் இருக்கும். ஏ.சி. போட்டு நான்கு பேரோடு தக்கலை மேட்டில் ஏறினாலும் திணறாது. பாதி வேலைகள் பள்ளிக்கூடப் பையனுக்கே சொல்லிக்கொடுக்கலாம் என்கிற அளவுக்கு எளிமையான வண்டி. சிக்னலில் நின்றதும் ஆஃப் ஆகிற பழைய சான்ட்ரோவில் பல சமயம் எஞ்சினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியும் ஐடில் மோட்டாரும் கரி படிந்திருக்கும். கழற்றி, க்ளீனர் அடித்துத் துடைத்து மாட்டினால் தீர்ந்துவிடும். பவர் ஸ்டியரிங் ஆயிலில் ஓடுவதால் ஹோஸ் கசிகிறதா என்று கீழே பார்க்க வேண்டும். சான்ட்ரோவின் உண்மையான பிரச்சினை வயது. பதிவாகி 15 ஆண்டு முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. கட்டணம்கூடப் பரவாயில்லை, துருப்பிடித்த வண்டியைத் தேற்றி இன்ஸ்பெக்‌ஷனில் காட்டுவதுதான் பாடு. புதுப்பித்து முடித்த சான்ட்ரோ, அடிப்பாகம் சுத்தமாக, கிடைத்தால் தயங்காதீர்கள். புதுப்பிக்க இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று ஒருவர் அவசரமாக விற்றால், ஏன் அவசரம் என்று கேளுங்கள்.

ஐ10 மூன்றிலும் உட்கார வசதியானது. 1197 சி.சி. எஞ்சினுக்கு நல்ல இழுவை. ஸ்டியரிங் எலெக்ட்ரிக். நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்டியரிங் தண்டிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தால், பெரும்பாலும் உள்ளே உள்ள சின்ன ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கும். சாமான் மலிவுதான். ஆனால் அதை மாற்ற ஸ்டியரிங் தண்டையே இறக்க வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அந்த வேலையில் வீட்டில் கை வைக்காதீர்கள்.

ஏர்பேக் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஓட்டுநர் ஏர்பேக் எல்லா கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. நாற்கர சாலையில் குழந்தைகளோடு அடிக்கடி போகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, ஏர்பேக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள மாடலையே தேடுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளக் கூடிய சாமான் இல்லை அது.

ஸ்விஃப்ட் டீசல் வேண்டாமா என்று கேட்பார்கள். ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஆனால் டீசலை அதிக அழுத்தத்தில் செலுத்தும் காமன் ரெயில் பம்ப்பும் இன்ஜெக்டரும் வீட்டில் தொடுகிற சமாச்சாரம் இல்லை. ஆயிலைக் காலத்தில் மாற்றாதவர் கையிலிருந்து வந்தால் டைமிங் செயின் சத்தமும் கூடவே வரும். இண்டிகா டீசல் அதற்கு நேர்மாறு, எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம், ஆனால் கழற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஆல்டோ 800 நல்ல வண்டிதான், இரண்டு பேருக்கு.

இனி தகரம். எனக்குத் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக் வண்டி பார்க்க வந்தால் பானெட்டைத் திறக்கவே மாட்டார். நேரே டிக்கியைத் திறந்து, "மேட்ட பொக்கிப் பாரு மக்கா" (மேட்டைத் தூக்கிப் பார்) என்பார். ஸ்டெப்னி கிடக்கும் குழிதான் வண்டியின் உண்மையான ஜாதகம். அங்கே தண்ணீர் தேங்கிய தடமும், விரலால் அழுத்தினால் செதில் செதிலாக உதிரும் பெயின்டும் தெரிந்தால் அடிப்பாகமும் அப்படித்தான் இருக்கும். அடுத்து கதவுகளின் கீழ் விளிம்பு. அங்கே தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டிருந்தால் கதவு உள்ளுக்குள்ளேயே அரிக்கும். ரன்னிங் போர்டில் ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் பட்டி, அதாவது துருவை மறைக்கும் பூச்சு, பூசியிருக்கிறார்கள். ஒரு காந்தம் கொண்டுபோனால் சந்தேகம் தீரும், கனமான பட்டி மேல் காந்தம் ஒட்டாது. கடலோரக் குளச்சலிலோ முட்டத்திலோ வெளியே நின்ற வண்டியையும் கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் குலசேகரத்தில் ஷெட்டில் நின்ற வண்டியையும் ஒரே விலைக்குக் கேட்டால், கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தாலும் நான் குலசேகரத்து வண்டியைத்தான் எடுப்பேன்.

முற்றத்தில் வேலை பார்க்க இறங்குகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். வடித்த ஆயிலைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் பழைய கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேர்க்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இதே வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறது என்று கே.எல். நம்பர் காரை வாங்கிவருகிறவர்கள் நம்மில் நிறைய. வாங்கலாம், கணக்கு தெரிந்து வாங்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் முடிந்ததற்கான ஃபார்ம் 35, இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் சேர்த்தால் மிச்சம் பிடித்த தொகை பெரும்பாலும் கரைந்துவிடும். அதோடு, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் மண் நிறத்தில் கோடு தெரிந்தாலோ, சீட்டுக்கு அடியில் உள்ள ரெயில் துருவேறி நகர மறுத்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம். தண்ணீர் புகுந்த ஒயரிங்கை ஒரு வருஷம் தேடினாலும் நீங்கள் கண்டுபிடித்து முடிக்க மாட்டீர்கள்.