நான்கு முறை நின்றுபோன மவுஸ்

2019-இல் வாங்கிய கம்பியில்லா மவுஸ் ஒன்றை இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். மெய்ப்புத் திருத்துவதும் பக்கம் வடிவமைப்பதும் என் தொழில் என்பதால் நாளில் எட்டு மணி நேரமாவது என் வலக்கை அதன் மேல்தான் இருக்கும். இத்தனை ஆண்டுகளில் அது நான்கு முறை முற்றாகவோ அரைகுறையாகவோ வேலை செய்யாமல் நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிது வாங்கிவிடலாம் என்றே முதலில் தோன்றியது. ஆனால் அவற்றில் மூன்று முறை பழுது மவுஸில் இல்லை.

முதல் தொல்லை மாலை வேளைகளில் மட்டும் வந்தது. அம்புக்குறி திரையில் தத்தித் தத்தி நகரும், சில நொடிகள் உறைந்து நிற்கும், பிறகு எங்கோ தாவும். பேட்டரியை மாற்றினேன், மவுஸ் பேடையும் மாற்றினேன், பயனில்லை. அன்றாட வேலையை நகலெடுத்து வைப்பதற்காக மாலையில் வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகுவது என் வழக்கம் என்பதும், அதைச் செருகும் துளைக்கு அடுத்த துளையில்தான் மவுஸின் ரிசீவர், அதாவது அதன் சமிக்ஞையைப் பெறும் சிறு செருகி, இருக்கிறது என்பதும் ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. ஹார்டு டிஸ்க் பயன்படுத்தும் யூ.எஸ்.பி. 3.0 இணைப்பு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது, கேபிளிலிருந்தும் அதன் முனையிலிருந்தும் கசியும் மின்காந்த இரைச்சல், மவுஸும் ரிசீவரும் பேசிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வரை பரவிவிடுகிறது. இதை இன்டெல் நிறுவனம் 2012-இலேயே ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஒரு முழ நீள யூ.எஸ்.பி. நீட்டிப்பு கேபிளை வாங்கி, ரிசீவரை ஹார்டு டிஸ்க்கிலிருந்து விலக்கி மேசை மேலேயே வைத்தேன். அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. கம்பியில்லா மவுஸ் திணறுவதாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ரிசீவருக்குப் பக்கத்தில் என்ன செருகியிருக்கிறது என்பதைத்தான்.

இரண்டாவது முறை, இரண்டு வார வெளியூர்ப் பயணம் முடிந்து திரும்பியபோது மவுஸில் விளக்கே எரியவில்லை. புதிய பேட்டரி போட்டும் உயிர் வரவில்லை. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், சுருள்கம்பியின் அடியில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் வெளிவருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காரம், ஆகவே காது குடையும் பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாற்றை மிகச் சிறிதளவு தொட்டுத் துடைத்தேன். பொடி நுரைத்துக் கரைந்தது. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தைப் போக்கி, மங்கியிருந்த தகட்டைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்ததும் உலோகம் மின்னத் தொடங்கியது. இந்த வேலையைக் கையுறை இல்லாமல் செய்யக் கூடாது. கண்ணைக் கசக்கவே கூடாது. பயணம் போகும்போது பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

மூன்றாவது, கணினி உறக்கத்திலிருந்து எழுந்தபின் மவுஸ் எழாத சிக்கல். ரிசீவரைப் பிடுங்கிச் செருகினால் சரியாகும், மறுநாள் மீண்டும் வரும். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக விண்டோஸ் அந்தத் துளையை அணைத்துவைப்பதே காரணம். விண்டோஸ் பொத்தானோடு எக்ஸை அழுத்தி, பிறகு எம்மை அழுத்தினால் கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர் திறக்கும், அதில் யூ.எஸ்.பி. துளைகளைக் கவனிக்கும் யூ.எஸ்.பி. ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சேமிப்புக்காகச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிட்டேன். மவுஸே இல்லாத நிலையில் இதைச் செய்ய, இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், விசைப்பலகையின் வலப்பக்க எண்களைக் கொண்டு அம்புக்குறியை நகர்த்தலாம். ஐந்தாம் எண் கிளிக் செய்யும்.

நான்காவது மட்டும்தான் மவுஸின் சொந்தப் பழுது. ஒருமுறை அழுத்தினால் இரண்டு கிளிக் விழுந்தது. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுக்க இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் பிடி விட்டுப்போகும். மெய்ப்புத் திருத்துபவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் பழுது வேறில்லை. பொத்தானுக்கு அடியிலுள்ள மைக்ரோசுவிட்சில் ஒரு மெல்லிய செப்புத் தகடு வளைந்து நிமிர்கிறது. அதன் தொடுமுனை தேய்ந்தோ கறுத்தோ போனால் தொடர்பு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு அறுந்து மீண்டும் ஒட்ட, கணினி அதை இன்னொரு கிளிக்காக எண்ணிக்கொள்கிறது. ஒரு கோடி அழுத்தங்களைத் தாங்கும் என்று குறிப்பிடப்படும் சுவிட்சுகள் உண்டு. நாளுக்கு ஐயாயிரம் கிளிக், ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 15 லட்சம்; ஆக ஏழாண்டுக்குள் கோடி நிறைந்துவிடும். என்னுடையது ஐந்தாம் ஆண்டிலேயே தளர்ந்தது.

மதுரை டவுன்ஹால் ரோட்டில் பழுதுநீக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த வழுக்குப் பட்டைகளை உரித்து, அவற்றின் கீழ் ஒளிந்திருந்த திருகுகளைக் கழற்றியவர், “புதுசு எதுக்கு சார்? வலது பட்டன் சுவிட்ச் அவ்வளவா அடிபடாது, அதை இடதுக்கு மாத்திடலாம்” என்றார். இரண்டும் ஒரே வகை. ஒவ்வொன்றின் மூன்று கால்களையும் சூடாக்கி எடுத்து இடம் மாற்றிப் பற்றவைக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. இடப்பொத்தான் இப்போது புத்தம்புதிதுபோல் இருக்கிறது. வலப்பொத்தான் எப்போதாவது இரட்டித்தாலும் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை.

இப்போது உருளை அடம்பிடிக்கிறது. கீழே உருட்டினால் சில நேரம் பக்கம் மேலே ஏறுகிறது. உருளையின் சுழற்சியை எண்ணும் பகுதியில் தூசி சேர்ந்திருக்க வேண்டும். கையில் இருக்கும் புத்தக வேலை முடிந்ததும் திறந்து பார்ப்பதாக இருக்கிறேன். அதுவரை பேஜ் டவுன் பொத்தானால் சமாளிக்கிறேன்.